கூகிள் தப்பிவிட்டதா?

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி வாஷிங்டன் நகரின் சமஷ்டி மாவட்ட நீதிமன்றில், நீதிபதி அமித் மேத்தா அவர்கள் கூகிள் கம்பனியின் வழக்கிற் பரிகாரத் தீர்ப்பை வழங்கினார். கூகிள் தனது குரோம் உலாவியை விற்றுவிட வேண்டுமென்று ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் கேட்டிருந்தது, நீதிபதி இணங்கவில்லை. அப்பிள் முதலிய கம்பனிகளுக்குக் கூகிள் ஆண்டுதோறும் அள்ளிக் கொடுக்கும் பணத்தை முற்றாகத் தடைசெய்ய வேண்டுமென்றும் கேட்டிருந்தது. அதற்கும் அவர் இணங்கவில்லை. மறுநாள் கூகிளின் தாய்க் கம்பனியான அல்பபெற்றின் பங்கு விலை ஏறத்தாழ 9 வீதம் உயர்ந்தது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் கட்டிக்காத்த கம்பனியென 2024இல் அதே நீதிபதியினால் தீர்மானிக்கப்பட்ட கம்பனி, 2025இற் பங்குச் சந்தையின் ஆரவாரத்தோடு வீடு திரும்பியது.

பத்திரிகைகளிற் பல இதனைக் கூகிளின் வெற்றியென்றே வருணித்தன. பெரிய கம்பனிக்கு ஒரு நீதி, சிறியவனுக்கு ஒரு நீதி என்று அலுத்துக்கொண்டோரும் உளர். இவ்விரு சாராரும் பார்த்தது ஒரே இடத்தைத்தான்: கோடரி விழுந்ததா, இல்லையா? கோடரி விழவில்லை என்பது உண்மையே. ஆனால், சட்டம் பயின்ற கண்ணோடு இவ்வழக்கைப் பார்ப்போர்க்கு அக்கம்பனியை எதிர்நோக்கும் அபாயம் கோடரியில் இருந்ததாகத் தோன்றவே மாட்டாது. அது 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஏடுகளுக்குள்ளே எழுதப்பட்டுக் கிடக்கின்றது. அதனை விளக்குவதே எமது நோக்கம்.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். 1890ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஷேர்மன் சட்டத்தின் இரண்டாம் பிரிவு ஏகபோகப்படுத்துதலைக் குற்றமாக்குகின்றது. ஏகபோகமாக இருத்தல் வேறு, ஏகபோகப்படுத்துதல் வேறு. நல்ல சரக்கை விற்று, நுண்ணறிவோடு வியாபாரஞ் செய்து, அல்லது வெறும் அதிர்ஷ்டத்தினாலேனும் ஒருவன் சந்தை முழுவதையும் பெற்றுவிட்டால் அது குற்றமன்று. பெற்றதைப் பிறர் நெருங்காதபடி வேலி போட்டுக் காப்பதே குற்றம். 1966ஆம் ஆண்டில் கிரினெல் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தது.

கமக்காரரான எமது வாசகர்களுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. ஒரு வியாபாரி நியாயமான விலை கொடுத்து ஊரிலுள்ள வெங்காயம் முழுவதையும் வாங்கிவிட்டால் அவன் கெட்டிக்காரன். அதே வியாபாரி சந்தைக்குப் போகும் லொறிக்காரர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் பணங் கொடுத்து, "வேறெவருடைய மூடையையும் முன்னால் ஏற்றாதே" என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டால், அங்கே வேலி எழுந்துவிட்டது. அவனுடைய வெங்காயம் உண்மையில் நல்ல வெங்காயமாகவே இருக்கலாம். அதனால் வேலி இல்லையென்றாகிவிடாது.

கூகிள் செய்தது இதுவே. நீங்கள் வாங்கும் கைத்தொலைபேசியைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே ஒரு தேடுபொறி அதிலே தயாராக அமர்ந்திருக்கின்றது. அந்த ஆசனத்தைப் பெறுவதற்காகக் கூகிள் 2021ஆம் ஆண்டில் மாத்திரம் 2,630 கோடி டொலரைப் பேசி செய்வோருக்கும், உலாவி செய்வோருக்கும், தொலைபேசிக் கம்பனிகளுக்கும் வழங்கியது. 2022இல் அப்பிள் கம்பனிக்குச் சென்ற பங்கு ஏறத்தாழ 2,000 கோடி டொலர். அப்பிளின் உலாவி மூலம் வரும் தேடல் விளம்பர வருமானத்தில் 36 வீதம் அப்பிளுக்கே கொடுக்கப்படுகின்றதென்பது வழக்கு விசாரணையின்போது கூகிளின் சார்பில் வந்த நிபுணர் சாட்சியின் வாயிலிருந்தே வெளிவந்தது. கம்பனி மறைத்து வைக்க விரும்பிய எண் அது.

பாவிப்பவன் விரும்பினால் இரண்டு முறை விரலால் தொட்டு வேறு தேடுபொறிக்கு மாறிக்கொள்ளலாமே, இதிற் பலாத்காரம் எங்கேயென்று கூகிளின் சட்டத்தரணிகள் வாதாடினர். இவ்வாதம் அற்பமானதன்று. ஆயினும் இதற்கு விடை மைக்ரோசொப்டின் எட்ஜ் உலாவியிற் கிடைத்தது. அங்கே முன்கூட்டி அமர்த்தப்பட்டிருப்பது மைக்ரோசொப்டின் பிங் தேடுபொறி. அமெரிக்காவின் தேடல்களிற் கூகிளுக்கு மொத்தத்தில் 90 வீதமளவு இருக்க, எட்ஜ் உலாவியில் மட்டும் பிங் 80 வீதமும் கூகிள் 20 வீதமுமாக நின்றன. தேடுகின்ற மனிதன் மாறவில்லை. அவன் எதிரே அமர்ந்திருந்தது மாறியது. மனிதன் சோம்பேறி, அல்லது அவனுக்கு வேறு வேலை இருக்கின்றது. அந்தச் சோம்பலின் விலை 2,630 கோடி டொலர் என்று கூகிளே கணக்கிட்டுக் கொடுத்திருக்கும்போது அது ஒன்றுமில்லையென்று சொல்ல எவ்வாறு நா எழும்?

மேலும் ஒரு சாட்சியத்தை நாம் மறக்க முடியாது. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தால் வருமானம் குறையுமா என்று 2020இற் கூகிள் தனக்குள்ளேயே ஓர் ஆராய்ச்சி நடத்தியது. குறையாது என்று கண்டது. போட்டியாளன் உள்ள கடைக்காரன் எவனும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கத் துணிய மாட்டான். கேட்டாலும் இந்த விடை வராது. தேடலோடு வரும் எழுத்து விளம்பரங்களின் விலையையும் போட்டியாளரைப் பொருட்படுத்தாமலே கூகிள் உயர்த்தி வந்ததென்று நீதிபதி கண்டார். அவ்விலையை முதலிற் கொடுப்பவர் விளம்பரஞ் செய்யும் சிறு வியாபாரி; கடைசியிற் கொடுப்பவர் அவரிடம் பொருள் வாங்குபவர்.

2020 ஒக்டோபர் 20ஆந் திகதி தாக்கல் செய்யப்பட்டு, 2023 செப்டெம்பரிலிருந்து பத்து வாரங்கள் விளங்கப்பட்ட இவ்வழக்கில், 2024 ஓகஸ்ட் 5ஆந் திகதி நீதிபதி மேத்தா கூகிளுக்கு மாறாகத் தீர்ப்பளித்தார். கூகிளின் தேடுபொறி தரத்திற் சிறந்தது என்பதை அவர் தாராளமாகவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பின்னரும் அது சட்டத்தை மீறியதென்று கண்டார். இத்தீர்ப்பின் பலம் இவ்விடத்திலேயே இருக்கின்றது. எதிர்க்கட்சியின் சிறந்த வாதத்தை ஏற்றுக்கொண்டே எழுதப்படும் தீர்ப்பை மேன்முறையீட்டில் அசைப்பது கடினம்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. கூகிளின் தலைவர் திரு. சுந்தர் பிச்சை அவர்கள் மதுரையிற் பிறந்த தமிழர். அவருடைய உயர்ச்சியில் தமிழர் பெருமை கொள்வது இயல்பு, நாமும் கொள்கின்றோம். 2023 ஒக்டோபரில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, நம்மவரை வேண்டுமென்றே வருத்துகின்றார்கள் என்று சிலர் எம்மிடம் முறையிட்டனர். அவர் அங்கே தமிழராக நிற்கவில்லை. ஒரு கம்பனியின் அதிபராக நின்றார். நிலை மாறினால், அதே சட்டம் நாளை அவருடைய கம்பனியைக் காக்கவும் வரும். இரத்தப் பாசம் நியாயத்தராசின் ஒரு தட்டில் ஏறலாகாது.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். நீதிபதி ஒன்றுமே செய்யவில்லை என்பது தவறு. தேடுபொறி, குரோம், உதவியாளன், ஜெமினி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஆகியவற்றுக்காகப் பிறரை விலக்கும் ஒப்பந்தங்கள் எழுதுவதைத் தடுத்தார். தேடற் சுட்டியின் தரவிலும், பாவிப்போரின் தேடல் நடத்தை பற்றிய தரவிலும் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளருக்குக் கொடுக்கவேண்டுமென்று கட்டளையிட்டார். இத்தரவைக் கொடுப்பது தேடுபொறியையே தானமாகக் கொடுப்பதற்கு ஒப்பானதென்று திரு. பிச்சை 2025 ஏப்ரிலிற் சாட்சியம் அளித்திருந்தார். 2025 டிசெம்பரில் வந்த இறுதிக் கட்டளை, முன்கூட்டி அமர்த்தும் ஒப்பந்தம் எதுவும் ஓராண்டுக்கு மேற் செல்லுபடியாகாதென்று வரையறுத்தது. கட்டளை ஆறு ஆண்டுகள் நிலைக்கும். அதன் நிறைவேற்றத்தைக் கண்காணிக்க ஒரு தொழில்நுட்பக் குழு உண்டு.

ஆனால் பணம் கொடுப்பதை அவர் தடுக்கவில்லை. பணம் நின்றால் அதனைப் பெற்று வாழும் உலாவிக் கம்பனிகளும் பேசி செய்வோரும் நட்டமடைவர், அந்நட்டம் பாவிப்போர் தலையில் விழும் என்பது அவர் காட்டிய காரணம். பயர்பொக்ஸ் உலாவியை நடத்தும் மொசில்லா நிறுவனத்தின் வருமானத்திற் பெரும்பகுதி கூகிளிடமிருந்தே வருகின்றதென்பது மெய்தான். எனினும் இக்காரணத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏகபோகக்காரன் தன் ஏகபோகத்தின் இலாபத்தைப் பலருக்குப் பங்கிட்டு அவர்களைத் தன்னிற் தங்கியிருக்கச் செய்தமையே வழக்கின் சாராம்சம். அவ்வாறு தங்கியிருப்பதையே பரிகாரம் வழங்காமைக்கு நியாயமாகக் காட்டுவதாயின், குத்தகைக்காரன் ஊரிற் பலருக்குச் சாப்பாடு போடுகின்றான், ஆதலாற் குத்தகையில் நடந்த மோசடியைத் தொடக்கூடாதென்று சொல்வதற்கும் இதற்கும் பேதம் என்ன?

மற்றக் காரணம் இதைவிடக் கனமானது. வழக்குத் தாக்கல் செய்யப்பட்டபோது இல்லாதிருந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், தீர்ப்பு வருமுன்னர் உலகெங்கும் பரவிவிட்டன. சாட் ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. 2025 மேயில் அப்பிளின் அதிகாரி ஒருவர், தமது உலாவியிற் தேடல்களின் எண்ணிக்கை முதன்முறையாகக் குறைந்ததென்று இதே நீதிமன்றிற் சொன்னபோது, அல்பபெற்றின் பங்கு விலை அன்றே 7 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. சந்தை தானாகவே அசையத் தொடங்கியிருக்கையில் நீதிமன்று அடக்கத்தோடு நடக்கவேண்டுமென்று நீதிபதி கருதினார். இதில் நியாயம் இருக்கின்றது. ஆனால் இந்த நியாயம் காலதாமதத்திலிருந்து பிறந்ததென்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாண்டு தாமதித்தால் எந்தத் தொழில்நுட்பச் சந்தையுந்தான் மாறிவிடும்! அமெரிக்க அரசாங்கம் ஐ.பி.எம். கம்பனிமீது 1969இல் வழக்குப் போட்டு, 13 ஆண்டுகள் நடத்தி, 1982 ஜனவரி 8ஆந் திகதி தானே கைவிட்டது. அதே நாளிலேதான் ஏ.ரி. அன்ட் ரி. தொலைபேசிக் கம்பனி தன்னைப் பிரித்துக்கொள்ள இணங்கிய செய்தியும் வந்தது. ஒரே நாளில் ஒன்று பிழைத்தது, மற்றது பிரிந்தது.

இதுவரை சொன்னவை கூகிளுக்கு ஆறுதலான பகுதி. இனிச் சொல்வதே அக்கம்பனியின் இயக்குநர்கள் இரவிற் படிக்கவேண்டிய பகுதி.

மைக்ரோசொப்ட் வழக்கை நினைவுபடுத்துவோம். 1998 மேயில் வழக்குத் தொடரப்பட்டது. 1999 நவம்பரில் நீதிபதி தோமஸ் பென்பீல்ட் ஜக்சன் வழக்கின் உண்மைகளைத் தீர்மானித்து வெளியிட்டார். 2000 ஜூன் 7ஆந் திகதி கம்பனியை இரண்டாகப் பிரிக்கக் கட்டளையிட்டார். 2001 ஜூன் 28ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்று அக்கட்டளையை இரத்துச் செய்தது. வழக்கு முடியுமுன்னரே நீதிபதி பத்திரிகையாளரோடு இரகசியமாகப் பேசிய குற்றமும் அதற்கு ஒரு காரணம். உலகம் அன்றும் மைக்ரோசொப்ட் தப்பியதென்றே எழுதியது. ஆனால் அதே மேன்முறையீட்டு நீதிமன்று ஏகமனதாக ஒன்றைக் காப்பாற்றி வைத்தது: மைக்ரோசொப்ட் தனது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் கட்டிக்காத்தது என்ற தீர்மானம்.

அதன்பின் நடந்ததைக் கவனிக்க. நெற்ஸ்கேப் உலாவியை வாங்கியிருந்த ஏ.ஓ.எல். ரைம் வோர்னர் வழக்குப் போட்டது. 2003இல் 75 கோடி டொலர் கொடுத்து மைக்ரோசொப்ட் இணங்கியது. 2004இற் சன் கம்பனிக்கு, காப்புரிமை விவகாரங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 195 கோடி. அவ்வாண்டே நொவெல் கம்பனிக்கு 53.6 கோடி. 2005இல் ஐ.பி.எம்.முக்கு 77.5 கோடி, ரியல் நெற்வேர்க்ஸுக்கு 76.1 கோடி. ஐரோப்பாவில் விதிக்கப்பட்ட தண்டங்கள் வேறு. அரசாங்கத்தின் வழக்கிலே ஒரு டொலரும் தண்டமாகக் கொடாத கம்பனி, அவ்வழக்கின் நிழலில் வந்த தனியார் வழக்குகளுக்குக் கோடி கோடியாகக் கொடுத்தது.

இதன் காரணம் சட்டத்திலேயே உளது. 1914ஆம் ஆண்டின் கிளேற்றன் சட்டப்படி, ஏகபோக மீறலினால் நட்டப்பட்ட எவரும் தாம் பட்ட நட்டத்தின் மும்மடங்கைக் கேட்கலாம். அரசாங்கம் வென்ற வழக்கின் இறுதித் தீர்ப்பைத் தமது வழக்கில் முதற்றோற்றச் சான்றாக முன்வைக்கலாம். ஒருமுறை முழுமையாக விளங்கித் தீர்க்கப்பட்ட விடயத்தைத் தோற்றவர் மறுபடியுங் கிளறக்கூடாதென்ற பொதுக் கோட்பாடும் அவர்களுக்குத் துணை நிற்கும். சான்று பற்றிய இவ்விதிக்குச் சட்டம் ஒரு விலக்கையும் வைத்தது: சாட்சியம் எடுக்கப்படுமுன்னர் இணக்கத்தீர்ப்புக்குச் சம்மதித்தால், அத்தீர்ப்பு எவர் கையிலும் ஆயுதமாகாது. பெருங் கம்பனிகள் பல அந்த வாசலாலே சத்தமின்றி வெளியேறியுள்ளன. கூகிள் வெளியேறவில்லை. பத்து வாரம் நின்று போராடித் தோற்றது. அதன் விளைவு, எட்ஜ் உலாவியின் 80 வீதமும், 2,630 கோடி டொலரும், 2020ஆம் ஆண்டின் ஆராய்ச்சியும் இன்று ஒரு சமஷ்டி நீதிபதியின் தீர்மானங்களாகப் பதிவாகியிருக்கின்றன. தனியார் ஒருவர் இவற்றைத் தாமாகத் தேடி நிரூபிக்கப் புறப்பட்டால், பத்தாண்டும் அவருடைய ஆஸ்தி முழுவதும் போதாது.

கடைகள், உணவகங்கள் பற்றிப் பொதுமக்களின் அபிப்பிராயங்களைத் திரட்டும் யெல்ப் கம்பனி, மேத்தா தீர்ப்பு வந்த மாதத்திலேயே கூகிள்மீது வழக்குப் போட்டது. வேர்ஜீனியாவிற் கதை இன்னும் முன்னேறியுள்ளது. இணைய விளம்பரங்களை ஏலமிடும் சந்தையையும், பத்திரிகைகள் தமது விளம்பர இடத்தை விற்கப் பாவிக்கும் கருவியையும் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகப்படுத்தியதென்று நீதிபதி லியோனி பிரிங்கெமா 2025 ஏப்ரில் 17ஆந் திகதி தீர்ப்பளித்தார். வாங்குபவனுக்கும் தரகன், விற்பவனுக்கும் தரகன், ஏலக்கூடத்துக்கும் சொந்தக்காரன் என மூன்று தொப்பியையும் ஒருவரே போட்டுக்கொண்ட வியாபாரம் அது. ஏலச்சந்தையை விற்கவேண்டுமென்று அரசாங்கம் கேட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கிலுள்ள வேறொரு சமஷ்டி நீதிபதி, அங்கே நடக்கும் தனியார் வழக்குகளில் இந்த மீறலைக் கூகிள் மீண்டும் மறுத்து வாதாட முடியாதென்று தீர்ப்பளித்தார். மைக்ரோசொப்டுக்கு நேர்ந்த அதே ஆபத்து, பெயர் மாத்திரம் மாறி, இங்கே வாசலுக்கு வந்துவிட்டது.

ஐரோப்பாவிலும் இதே பாதைதான்; ஆனால் அப்பாதையின் நீளத்தை எண்ணினால் நெஞ்சு கனக்கும். இங்கிலாந்தில் ஒரு கணவனும் மனைவியும் 2006இற் பவுண்டெம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினர். தொடங்கிய சிறிது நாளில் அது கூகிளின் தேடல் முடிவுகளில் அடியிலே தள்ளப்பட்டது. அவர்கள் 2009இல் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். ஆணைக்குழு கூகிளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது 2017இல். அத்தண்டத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் அதியுயர் நீதிமன்று உறுதிசெய்தது 2024 செப்டெம்பரில். இடையிலே, 2016இல், அவர்களுடைய தளம் மூடப்பட்டுவிட்டது. வழக்கு வென்றது, வழக்காளியின் கடை இல்லை. அவ்வாறாயினும், அந்த 2017ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஆதாரமாகக் கொண்டே ஐடியாலோ என்னும் ஜேர்மன் விலை ஒப்பீட்டுக் கம்பனிக்குச் சுமார் 46.5 கோடி யூரோவை நட்டஈடாகக் கூகிள் கொடுக்கவேண்டுமென்று பேர்ளின் நீதிமன்று 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது மேன்முறையீட்டுக்கு உட்பட்ட தீர்ப்பென்பதையும் குறிப்பிட வேண்டும்.

இன்னொரு ஆபத்தைக் கூகிள் தன் கையாலேயே தேடிக்கொண்டது. தனது ஊழியர்கள் கணினியிற் பரிமாறும் உரையாடல்கள் 24 மணித்தியாலத்தில் அழிந்துபோகும்படி அது வைத்திருந்தது. வழக்கு வந்த பின்னரும், அவற்றைப் பாதுகாப்பதா என்பதை அவ்வவ் ஊழியரின் விருப்பத்துக்கே விட்டது. எழுத்திற் சான்று விடாமலிருக்கக் கம்பனி எடுத்த பிரயாசையைக் கண்டு தாம் வியப்படைந்ததாக நீதிபதி மேத்தா எழுதினார், தண்டிக்கவில்லை, எச்சரித்தார். சான் பிரான்சிஸ்கோவில் எபிக் கம்பனி தொடுத்த வழக்கிலோ நீதிபதி டொனாற்றோ இத்தனை பொறுமை காட்டவில்லை. அழிந்த உரையாடல்கள் கூகிளுக்குப் பாதகமானவையென்று யூரிமார் அனுமானித்துக்கொள்ளலாம் என்று அவர் பணித்தார். 2023 டிசெம்பரில் யூரிமார் ஏகமனதாகக் கூகிளுக்கு மாறாகத் தீர்மானித்தனர். சத்தியக்கடதாசி ஒன்றைத் தொலைத்துவிட்டு நீதிமன்றில் விழிக்கும் கட்சிக்காரரைப் பார்த்த எமக்கு இது புதிதன்று. உலகின் அறிவெல்லாவற்றையும் சேமிப்போம் என்று புறப்பட்ட கம்பனிக்குத் தன் ஊழியரின் பேச்சைச் சேமிக்க மாத்திரம் இடமில்லாமற் போனதுதான் வேடிக்கை.

அரசியல் மாறினால் இவையெல்லாம் மறைந்துவிடும் என எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். தேடல் வழக்கைத் தொடங்கியது திரு. டிரம்பின் முதலாவது ஆட்சி. விளக்கம் நடந்தது திரு. பைடனின் ஆட்சியில், குரோமை விற்கவேண்டுமென்று நீதிமன்றில் நின்று வாதாடியது திரு. டிரம்பின் இரண்டாவது ஆட்சி. உள்நாட்டிற் கட்சி பேதமின்றி நடந்த வழக்கு இது. வெளிநாடு தொட்டால் மாத்திரம் வேறு நியாயம்: 2025 செப்டெம்பர் 5ஆந் திகதி விளம்பரத் தொழில்நுட்ப விடயத்தில் ஐரோப்பிய ஆணைக்குழு கூகிளுக்கு 295 கோடி யூரோ தண்டம் விதித்தபோது, பதிலுக்கு வர்த்தக நடவடிக்கை எடுப்பதாக அதே திரு. டிரம்ப் மிரட்டினார். அவருடைய சொந்த அரசாங்கம் அதே கம்பனிமீது அதே வியாபாரத்துக்காக வேர்ஜீனியாவில் வழக்கு வென்று ஐந்து மாதங் கூட ஆகவில்லை!

எமது நாட்டில் இத்தகைய கேள்வியை எழுப்பவே இடமுண்டா என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும் கம்பனிகளின் இணைப்புக்களையும் விசாரிக்கும் அதிகாரத்தைத் தந்திருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது, அவ்வதிகாரம் கூடவே வரவில்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ விளம்பரஞ் செய்யும் சிறு வியாபாரி கூகிளுக்குக் கொடுக்கும் விலை நியாயமானதா என்பதை வாஷிங்டனும் வேர்ஜீனியாவும் பிரசெல்ஸுமே இப்போது தீர்மானிக்கின்றன. இதனை இங்குள்ள சட்டசபையினர் அறிவார்களா என்பது வேறு விடயம். அதனை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

2026 ஜனவரியிற் கூகிள் தேடல் வழக்கில் மேன்முறையீட்டு அறிவித்தலைத் தாக்கல் செய்தது. மைக்ரோசொப்டின் வழக்கை 2001இற் தீர்த்த அதே வாஷிங்டன் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றுக்கே இவ்வழக்குஞ் செல்கின்றது. காலத்தை நீட்டுவது ஏகபோகக்காரனுக்கு எப்போதும் இலாபம் என்பதை மேலே கண்டோம். ஆனால் கிளேற்றன் சட்டத்திலே கூகிளின் சட்டத்தரணிகள் நன்கு அறிந்த ஒரு பிரிவு உண்டு. தனியார் தமது வழக்கை நான்கு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். ஆயின், அதே விடயத்தில் அரசாங்கத்தின் வழக்கு நடக்கும் காலம் முழுவதும், அது முடிந்து மேலும் ஓராண்டும், அக்காலவரையறை ஓடாமல் நின்றுவிடும். 2020 ஒக்டோபரில் நின்ற அந்த மணிக்கூடு இன்னும் ஓடத் தொடங்கவில்லை. கூகிள் மேன்முறையீட்டை எத்தனை ஆண்டு நீட்டுகின்றதோ, அத்தனை ஆண்டும் நட்டப்பட்டவருக்கு நீதிமன்றின் வாசல் திறந்தே கிடக்கும்.